இருபதாவது குடும்பம்

சங்காபில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்லும் அதிகாரத்தை அரசாங்கம் நொஸ்ரத்துக்குக் கொடுத்திருந்தது. பெரிய அதிகாரம் ஒன்றுமில்லை. அவள் அந்த ஊரின் சுகாதாரப் பணியாளர்; பெஹ்வர்ஸ் என்பார்கள். தடுப்பூசி போடுவாள், பிரஷர் பார்ப்பாள், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பாள், வருடத்துக்கு ஒருமுறை ஊரை எண்ணுவாள். நவ்ரோஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்து, பட்டணத்திலிருந்து வந்த பிள்ளைகளும் பேரன்களும் வண்டியேறிப் போய், ஊர் மறுபடி காலியான மறுநாள்தான் எண்ணப் புறப்படுவாள். கூட்டம் இருக்கும்போது எண்ணினால் பொய்க்கணக்கு வந்துவிடும்.

நீல அட்டைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாள். எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான்.

"போன வருஷம் ராத்திரி அதிகமா எங்க தூங்கினாங்க?"

மஷ்ஹதுக்குப் போய்ப் பத்து வருடமான மகனையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கிழவர்கள் கெஞ்சுவார்கள்.

"அவன் உடம்புதாம்மா அங்க இருக்கு. மனசெல்லாம் இங்கதான்."

"மனசுக்குத் தடுப்பூசி போட முடியாது மாமா. உடம்பு எங்க இருக்கோ அந்த ஊர்க்காரங்க எழுதிக்கட்டும்."

இதில் மட்டும் அவளிடம் யாருடைய பேச்சும் எடுபடாது. தன் தம்பியின் பெயரையே, அவன் யஸ்துக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போன வருடத்தில் அடித்துவிட்டாள். அதற்காக அவள் தாய் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் இந்த வேலைக்கு வந்தது போர் முடிந்த மூன்றாம் வருடம். வயது பத்தொன்பது. சங்காபில் அப்போது நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். எட்டாம் வகுப்புவரை படித்த பெண் அவள் ஒருத்திதான். காயின் நகரத்தில் இரண்டு வருடப் பயிற்சி. அதற்கு முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம். பெஹ்வர்ஸ் அந்த ஊரிலேயே பிறந்தவராக இருக்க வேண்டும். பணிக்காலம் முழுவதும் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். அப்பா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "பொம்பளப் புள்ள ஊரை விட்டு வேற எங்க போகப் போவுது?" என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார். நொஸ்ரத் கீழே கையெழுத்துப் போட்டாள். பேனா புதிதாக இருந்ததால் பெயரை அலங்காரமாக எழுதினாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி பெரியப்பா மகன் எஸ்கந்தரை மணந்தாள். மகள் மொஷ்கான் பிறந்தாள். எட்டு வருடம் மூவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். அதற்குள் மலையடியிலிருந்து வரும் நிலத்தடிக் கால்வாயில் தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கி, ஒரு கோடையில் சேறாகி, அடுத்த கோடையில் வெறும் குளிர்ந்த காற்றாக வந்தது. ஜனங்கள் போக ஆரம்பித்தார்கள். பள்ளியில் மொஷ்கானோடு சேர்த்து மூன்றே பிள்ளைகள் மிஞ்சியபோது வாத்தியாரை மாற்றிப் பள்ளியைப் பூட்டினார்கள். மகள் படிக்க வேண்டும். எஸ்கந்தர் பீர்ஜந்து நகரத்தில் லாரி ஓட்டப் போனான். மகளையும் கூட்டிப் போய் அக்கா வீட்டில் விட்டான், பிறகு தனியாக இரண்டு அறை எடுத்தான். நொஸ்ரத் போக முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று அவன் சொல்லாமல் இல்லை. ஆனால் லாரி வேலை இரண்டு மாதம் இருக்கும், மூன்று மாதம் இருக்காது. அவள் சம்பளத்தில்தான் மகளின் பள்ளிக்கூடமும் வீட்டு வாடகையும் ஓடின. மாற்றல் கேட்டு வருடா வருடம் எழுதிப் போட்டாள். பதிலும் வருடா வருடம் ஒன்றுதான்: சங்காபில் பிறந்து சங்காபில் குடியிருக்கும் ஒரு பெண் பயிற்சி முடித்து வந்தால் மாற்றல் தரலாம். அப்படியொரு பெண் ஊரில் இருக்கிறாளா இல்லையா என்பது நொஸ்ரத்தைவிட யாருக்குத் தெரியும்? பதிவேடு அவள் கையில்தானே. நாற்பது வயதுக்குக் கீழே ஒரு பெண்கூட இல்லை.

ஆரம்பத்தில் எஸ்கந்தர் வியாழன்தோறும் வந்தான். பிறகு மாதம் இருமுறை. பிறகு, தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் லாரியின் அச்சு ஒருமுறை முறிந்த பின், பெருநாளுக்கும் துக்கத்துக்கும் மட்டும். இப்படிப் பதினாலு வருடம் போயிற்று. மொஷ்கான் கல்யாணமாகி, கணவனோடு அதே இரண்டு அறையில் அப்பாவையும் வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த இலையுதிர்காலத்தில் அவளுக்கு ஏழாம் மாதம்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் நாடு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது.

வட்டார அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு யதுல்லா, அவள் மருந்து கொடுக்கும் சுகாதார வீட்டுக்குள் நுழைந்தான். அவன்தான் ஊரின் தெஹ்யார், அதாவது ஊர் நிர்வாகத்தைப் பார்ப்பவன். போரில் கண்ணிவெடி தின்ற இடது குதிகாலுக்குப் பதிலாகத் தடித்த செருப்பு போட்டிருப்பான். அவன் வருவது பத்து வீடு தள்ளியே கேட்கும். நொஸ்ரத்தை மரியாதையாகக் 'கானும்', அம்மணி, என்றுதான் கூப்பிடுவான்.

"கானும், இதைப் படிங்க. கணக்கெடுப்புல இருபது குடும்பத்துக்குக் குறைஞ்சா ஊர் நிர்வாகத்தைக் கலைச்சு பக்கத்து ஊர் நவ்கந்தோட சேர்த்துடுவாங்களாம். தண்ணி லாரி, ரோட்டுல பனி தள்ற வண்டி, எல்லாம் அவங்க கைக்குப் போயிடும். நவ்கந்துக்காரன் நமக்குத் தண்ணி விடுவானா? அவன் அவனோட மாமனாருக்கே விடமாட்டான்."

"நம்ம ஊர்ல எத்தனைன்னு தெரியும்ல?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"இருபது."

"அப்பாடா." பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். பிறகு சந்தேகம் வந்தது. "உங்களையும் சேர்த்தா, சேர்க்காமயா?"

"சேர்த்து."

யதுல்லா தாடியைச் சொறிந்தான். அவள் மாற்றல் கேட்டு எழுதுவது அவனுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதது வேறொன்று. இரண்டு வாரத்துக்கு முன்பு மருந்து வாங்க வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, அங்கே இருந்த அதிகாரி அவள் மனுவை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சங்காப் பட்டியல்ல இருக்கிறவரைக்கும் நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. இந்தக் கணக்கெடுப்புல இருபதுக்குக் கீழ போச்சுன்னா உங்க சுகாதார வீட்டையும் மூடிடுவோம். அப்போ உங்களைப் பீர்ஜந்து பக்கம் போடறேன். இது நான் தர்ற வாக்கு."

ஊர் இருபதாக இருந்தால் அவளுக்குச் சங்காப். பத்தொன்பதானால் பீர்ஜந்து, மகளின் பிரசவம், பேரப்பிள்ளை. நொஸ்ரத் யதுல்லாவுக்கு ஒரு டம்ளர் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

குங்குமப்பூ பறிக்கும் மாதம் பிறந்தது. தண்ணீர் எட்டுகிற நான்கைந்து பாத்திகளில் விடியற்காலை ஊதாப் பூக்கள் எழும்பி நிற்கும். கிழவர்களும் கிழவிகளும் குனிந்து குனிந்து கூடையில் போட்டுக்கொண்டு போவார்கள். ஒருநாள் காலை கர்பலாயி சஃபரின் பாத்தியில் மட்டும் பூ பறிக்கப்படாமல் வெயிலில் வாடியது. கர்பலாயி என்பது புனித யாத்திரை போய்வந்தவருக்கு ஊர் தரும் பட்டம்; சஃபர் பெண்டாட்டி செத்து ஒன்பது வருடமாகத் தனியே பொங்கித் தின்பவர். நொஸ்ரத் பையை எடுத்துக்கொண்டு போனாள். மனிதர் தொழுகை விரிப்பின்மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

கண்களை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டினாள். எத்தனையோ பேருக்குச் செய்ததுதான். எழுந்து நின்றபோதுதான் மனதுக்குள் அது வந்தது: பத்தொன்பது.

உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போல் இருந்தது. அடுத்த கணமே தன்மேல் அருவருப்பு. அந்த மனிதர் கடைசி வாரம்கூடத் தன் மரத்து மாதுளையில் நன்றாகப் பழுத்ததைப் பார்த்துப் பறித்து, 'ரத்தம் ஊறும், உன் மகளுக்கு அனுப்பு' என்று கொடுத்தவர். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு அவள் பீர்ஜந்துக்குப் போகும் மினிபஸ்ஸை நினைத்தாள். வாசலுக்கு வந்து சுவரில் கைவைத்துக்கொண்டு, ஊரைக் கூப்பிடுவதற்கு முன் கொஞ்ச நேரம் அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடக்கத்துக்கு ஐந்து பட்டணங்களிலிருந்து வண்டிகள் வந்தன. நூற்றைம்பது பேர். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் கார்கள் வரிசையாக நின்றன. சஃபரின் மகன்கள் ஆடு அறுத்துச் சோறு போட்டார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லா வண்டியும் திரும்பிப் போய், மகன்கள் அப்பா வீட்டுக்குப் பெரிய பூட்டாகப் பார்த்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

வண்டிப் புழுதி அடங்குமுன் யதுல்லாவின் செருப்புச் சத்தம்.

"கானும், நாளன்னைக்கு எண்ண வர்றவரு வராரு."

"வரட்டும்."

"கர்பலாயி சாவைப் பதிஞ்சாச்சா?"

"அன்னைக்கே பதிஞ்சாச்சு."

நொஸ்ரத்தின் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய வட்ட அட்டவணை தொங்கும். வட்டத்துக்குள் மாதங்கள், ஒரு பக்கம் பிறப்பு, ஒரு பக்கம் இறப்பு. பிறப்புப் பக்கத்தில் ஆறு வருடமாகப் பேனா பட்டதில்லை. இறப்புப் பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி இருந்தது. யதுல்லா அதை உற்றுப் பார்த்தான்.

"இதை நாலு நாள் கழிச்சு வச்சிருக்கக் கூடாதா? அந்த மனுஷனுக்கு இனிமே என்ன அவசரம்?"

"வேணாம், யதுல்லா."

"வீட்டுல பாய் விரிச்சிருக்கு, தேநீர் சமோவர் இருக்கு. கேட்டா, வயலுக்குப் போயிருக்காருன்னு..."

"செத்தவரை உசிரோட எழுதச் சொல்றியா? என்கிட்டயா கேக்குற?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். "எங்கம்மாவுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை நீங்க பிரஷர் பாக்குறீங்க. நவ்கந்து இருபத்திரெண்டு கிலோமீட்டர். அவளை நான் முதுகுல சுமந்துட்டா போவேன், இந்தக் காலை வச்சுக்கிட்டு? அதான் கேட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவன் போனபின் அவள் மேசையைத் துடைத்தாள். உண்மையைச் சொன்னதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்த உண்மை அவளுக்குச் சாதகமாக இருந்தது. அதுதான் உறுத்தியது. சாயங்காலம் சுகாதார வீட்டுத் தொலைபேசி அடித்தது. மொஷ்கான்.

"அம்மா, நாங்க இன்டர்நெட்லயே எங்க வீட்டுக் கணக்கைக் கொடுத்துட்டோம். உன்னையும் போட்டிருக்கேன். அப்பா பேரு, அடுத்தது உன் பேரு. பாக்கவே எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? பதினாலு வருஷம் கழிச்சு ஒரே தாள்ல இருக்கோம்."

நொஸ்ரத் சுவர் அட்டவணையிலிருந்த புதுப் புள்ளியைப் பார்த்தாள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன் ஜான், என் கண்ணே. மாதுளை அனுப்பினேனே, சாப்பிட்டியா?"

எண்ண வந்தவர் வொஸூகி என்னும் நடுவயது வாத்தியார். மோட்டார்சைக்கிளில் மண்பாதையில் வந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். கையில் அரசாங்கம் கொடுத்த தட்டைக் கணினி. யதுல்லா வழிகாட்ட, அவர் கீழ்த் தெருவிலிருந்து தொடங்கினார். வேறு வேலையில்லாத ஊர்; எண்ணி முடித்த வீட்டுக்காரர்களும் அவர் பின்னாலேயே அடுத்த வீட்டுக்கு வந்தார்கள். நொஸ்ரத்தும் போனாள். யாராவது பிறந்த வருடம் தெரியாமல் விழித்தால் அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஆறு வீடு முடிந்து ஏழாவது, பராத்தின் வீடு. பராத்தும் அவர் மனைவி செனோபரும் பதினொரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. செனோபர் தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த வெள்ளாட்டின் வம்சத்தில் கடைசியாக நின்ற ஆட்டை அவளைக் கேட்காமல் விற்றுவிட்டார் என்பது வழக்கு. முற்றத்துக்கு இந்தப் பக்கம் அவர் அறை, அந்தப் பக்கம் அவள் அறை. இரண்டு அடுப்பு, இரண்டு சமோவர். சொல்ல வேண்டியதைக் கோழிகளிடம் சொல்வாள்.

வொஸூகி பராத்திடம் கேட்டார். "குடும்பத்துல எத்தனை பேரு?"

"ரெண்டு."

"கோழியே, அந்த ஆளுக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்லு," என்றாள் செனோபர் அடுப்படியிலிருந்து. "அவரு ஒரு ஆளு. நான் ஒரு ஆளு."

கூட்டம் சிரித்தது. வொஸூகி சிரிக்கவில்லை. கணினியில் எதையோ தேடினார். "அம்மா, ஒண்ணு கேக்கணும், விளையாட்டு இல்ல. ரெண்டு பேரும் ஒரே பானையில சாப்பிடுறீங்களா?"

"அவரு பானையிலயா? பதினோரு வருஷமா அந்தாளு உப்பு என் நாக்குல பட்டதில்ல. என் ரொட்டி நானே சுடுறேன். என் எண்ணெய், என் வெங்காயம். வேணும்னா வந்து பாருங்க."

வொஸூகி வந்து பார்த்தார். மாவு டப்பா இரண்டு, எண்ணெய் இரண்டு, வெங்காயச் சாக்குகூட இரண்டு. வெளியே வந்து சொன்னார்: "சட்டப்படி சோறும் செலவும் ஒண்ணா இருந்தாத்தான் ஒரு குடும்பம். இவங்க ரெண்டு குடும்பம்."

யதுல்லா அப்படியே நின்றுவிட்டான். பிறகு செனோபரின் கையைப் பிடித்து முத்தமிடப் போனான். அவள் கரண்டியை ஓங்கினாள். பராத் மட்டும் முகம் சுண்டிப்போய், "அப்போ நான் குடும்பத் தலைவன் இல்லையா?" என்று வொஸூகியைக் கேட்டார்.

"தலைவர்தான் ஹாஜி. உங்க ஒருத்தருக்கு."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நொஸ்ரத் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பதினெட்டு வீடு, அதில் ஒன்று இரண்டானது. பத்தொன்பது. அவளோடு இருபது. இத்தனை வருடமாக அவள் பதிவேட்டில் அந்த இருவரையும் ஒரே கோப்பில் வைத்திருந்தாள்; பானையைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.

மேல்தெரு முடிந்து கடைசியாகச் சுகாதார வீட்டுக்கு வந்தார்கள். அதை ஒட்டிய இரண்டு அறைதான் அவள் குடியிருப்பு. வொஸூகி இடுப்பை நிமிர்த்திச் சுவரோரம் உட்கார்ந்தார். தேநீரும் கற்கண்டும் வைத்தாள். வாசலில் ஊரே நின்றது.

"பேரு, பிறந்த வருஷம் சொல்லுங்க கானும்."

சொன்னாள்.

"வேற எங்கயாவது, வேற குடும்பத்தோட, உங்க பேரை எழுதியிருக்காங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் மேலே போயிருப்பார். "எழுதியிருக்காங்க," என்றாள். "பீர்ஜந்துல. என் வீட்டுக்காரரும் மகளும் இருக்காங்க. மக இன்டர்நெட்ல போட்டிருக்கா."

"ஓ. அப்போ இங்க எழுத வேண்டியதில்ல." கணினியை மூடப் போனார்.

நொஸ்ரத் யதுல்லாவைப் பார்த்தாள். அவன் கெஞ்சியிருந்தால், ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவள் கோபத்தில் எழுந்து உள்ளே போயிருப்பாள், எல்லாம் முடிந்திருக்கும். அவன் கேட்கவில்லை. தன் தடித்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு நிமிஷம்," என்றார் வொஸூகி. "ரெண்டு இடம்னா ஒரு கேள்வி கேட்டே ஆகணும்னு இருக்கு. போன வருஷம் ராத்திரி அதிகமா எங்க தூங்கினீங்க?"

இருபத்தைந்து வருடமாக இந்தக் கேள்வியை அவள்தான் மற்றவர்களைக் கேட்டிருக்கிறாள். அவளை ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். பீர்ஜந்தில் பெருநாளுக்கு ஐந்து, மகள் கல்யாணத்துக்கு ஒன்பது, எஸ்கந்தருக்குக் காய்ச்சல் வந்தபோது நாலு, இன்னும் சில்லறையாக ஐந்து.

"இருபத்திமூணு ராத்திரி அங்க," என்றாள். "முந்நூத்து நாப்பத்திரெண்டு ராத்திரி இங்க."

"அப்போ நீங்க இங்க." வொஸூகி விரலால் தட்டினார். "தனிக் குடும்பம். ஒரு ஆள். அங்க உங்க பேரை எடுத்துடச் சொல்லிடுங்க, ரெண்டு இடத்துல வரக் கூடாது."

யாரோ இறைவனைப் போற்றினார்கள். செனோபர் அழுதாள். நொஸ்ரத்துக்கு ஊர்மேல் பாசம் பொங்கவும் இல்லை, தியாகம் செய்த நிறைவும் இல்லை. கணக்குத் தெரிந்த வாயைக் கட்டிப்போட முடியாமல் போய்விட்டதே என்ற ஆத்திரம்தான் இருந்தது. தேநீர் டம்ளர்களைக் கொண்டுபோய் வேண்டியதைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

எல்லாரும் போனபின் பீர்ஜந்துக்குப் போன் செய்தாள்.

"மொஷ்கான் ஜான், அந்தத் தாள்ல என் பேரை எடுத்துடும்மா."

"ஏன்? எதுக்கு?"

"கேட்டாங்க. எங்க தூங்குறேன்னு."

"அம்மா, அவங்க கேட்டா நீ பதில் சொல்லணுமா? எல்லாரும்தான் ஏதோ சொல்றாங்க! நான் எவ்வளவு ஆசையா..." குரல் உடைந்தது. பிறகு கை மாறியது. எஸ்கந்தர்.

"என்ன எடுக்கணும்?"

"என் பேரை."

"எந்தப் பேரை? இந்த வீட்டுல உன் துணி ஒண்ணு தொங்குதா, உன் செருப்பு ஒண்ணு கிடக்கா? பேரு ஒண்ணுதான் இருந்துது. அதையும் எடுக்கச் சொல்றியா?"

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி. எடுத்தாச்சுன்னு வச்சுக்க." போனை வைத்துவிட்டான்.

பனிக்காலத்தில் முடிவு வந்தது. சங்காப்: இருபது குடும்பம், நாற்பத்தொரு பேர். ஊர் நிர்வாகம் இருந்தது, தண்ணீர் லாரி வந்தது, சுகாதார வீடும் இருந்தது. செனோபர் தனக்குத் தனிக் கோப்பு வேண்டும் என்று வந்து நின்றாள். நொஸ்ரத் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவளுக்கு ஏதாவது வந்துகொண்டே இருந்தது, ஒரு சிட்டிகை குங்குமப்பூ, ஒரு கிண்ணம் அல்வா, உலர்ந்த தயிர் உருண்டை. நன்றி சொல்ல வருபவர்களிடம் அவள் வெடுக்கென்று பேசினாள்.

மொஷ்கானுக்கு வலி கண்ட அன்று கணவாயில் பனி மூடியிருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் பாதை திறந்தது. ஐந்து நாள் விடுப்பில் போய்ச் சேர்ந்தாள். பேத்தி. நெகார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தெருச் சுகாதார மையத்திலிருந்து வந்த இளம்பெண், குழந்தையை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும், தொப்புளை எப்படித் துடைக்க வேண்டும் என்று நொஸ்ரத்துக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். சங்காபில் நூற்றுக்குமேல் குழந்தைகளைத் தொட்டுத் தூக்கிய நொஸ்ரத், தெரியாதவள்போல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எஸ்கந்தர் அந்த ஐந்து நாளும் அவளிடம் உப்பையும் தண்ணீரையும் மட்டும் கேட்டான்.

அடுத்த கோடையில், பாத்திகளுக்குத் தண்ணீர் இறைத்துவந்த ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்து, கீழ்த் தெருவில் இரண்டு குடும்பங்கள் சட்டி பானையோடு கிளம்பின. நொஸ்ரத் இரண்டு கோப்பையும் மூடி அனுப்பினாள். மறுவாரம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவளே வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். அதே அதிகாரி.

"ஐயா, இப்போ பதினெட்டு. நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க."

அவர் தாள்களைப் புரட்டினார். "கணக்கெடுப்புல இருபதுன்னு இருக்கே."

"அது போன வருஷம். இப்போ ரெண்டு வீட்டுக்குப் பூட்டு."

"புரியுதும்மா. ஆனா நாங்க கணக்கெடுப்பைத்தான் எடுத்துக்கணும். அடுத்தது வர்றவரைக்கும் சங்காப்ல இருபதுதான்."

"அடுத்தது எப்போ?"

"அஞ்சு வருஷம். சில சமயம் தள்ளிப் போகும்."

"நான் நேர்ல போய் எண்ணினேன். கையில இருக்கு பாருங்க."

அவர் பதிவேட்டை மரியாதையாகத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும். உங்களை மாதிரி சுத்தமா எழுதுறவங்க இந்த வட்டாரத்துலயே இல்ல. ஆனா இது செல்லாதும்மா."

மினிபஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோய்த் தண்ணீர் குப்பியை நீட்டினாள். நொஸ்ரத் வாங்கிக் குடித்துவிட்டு, ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மண்பாதை தொடங்கியதும் தலை கண்ணாடியில் மோதிக்கொண்டே வந்தது, அவள் நகரவில்லை.

இன்னும் இரண்டு வருடம் கழித்து எஸ்கந்தர் வந்தான். சர்க்கரை நோய் கண்ணைத் தின்றிருந்தது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு அறை வீட்டில் இரண்டாவது குழந்தைக்கும் தொட்டில் வந்துவிட்டது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனுக்குச் சுட்டிருக்க வேண்டும். ஒரு பெட்டியும் ஒரு மெத்தையுமாக வாசலில் நின்றான்.

"நீ கூப்பிட்டு வரல. ஊர் கூப்பிட்டும் வரல. போக வேற இடம் இல்ல, அதான் வந்தேன்," என்றான்.

"உள்ள வாங்க. காலைக் கழுவுங்க, பாதத்தைப் பாக்கணும். சர்க்கரைக்காரங்க காலைத்தான் முதல்ல பாக்கணும்."

"வந்ததும் வராததுமா வேலையை ஆரம்பிச்சிட்டியா?"

ஆனாலும் கால்களை நீட்டினான். அவள் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். கணவனின் காலை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

அவன் அந்த ஊரோடு ஒட்டவில்லை. சுவரோரம் உட்கார்ந்து மலைப்பக்கம் திரும்பித் திட்டுவான். தண்ணீர் லாரி தாமதமானால் யதுல்லாவோடு சண்டை போடுவான். இங்கே அடைந்து கிடக்கிறேன் என்று மகளிடம் போனில் புலம்புவான். இத்தனை வருடம் அடைந்து கிடந்தவள் பக்கத்தில்தான் மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பாள்.

முப்பது வருடப் பணி முடிய நான்கு மாதம் இருந்தபோது கடிதம் வந்தது. மாற்றாள் கிடைக்காததால் பணிக்காலம் இரண்டு வருடம் நீட்டிக்கப்படுகிறது. அவளது நீண்டகால நேர்மையான சேவையை அலுவலகம் பாராட்டுகிறது. எஸ்கந்தருக்குக் கண் தெரியாது என்பதால் அவளே வாசித்துக் காட்டினாள்.

"நேர்மையான," என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கு மினிபஸ் உண்டா?" என்றான்.

"சனிக்கிழமைதான். ஏன், எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. சும்மா கேட்டேன்."

அவள் கடிதத்தைக் கோப்பில் வைத்தாள். மேல்தெருவில் ஒருத்தி அரிவாளில் விரலை வெட்டிக்கொண்டுவிட்டாள் என்று ஆள் வந்தது. பஞ்சும் மருந்தும் பையில் இருக்கிறதா என்று பார்த்து, அவனுக்குப் பக்கத்தில் தேநீர் டம்ளரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வெளியே இறங்கினாள்.